குடும்பம் என்னும் கட்டம்

மார்ச் மாதம். இருப்புக் கணக்கு.
நிலவியல் ஆய்வகத்தின் நாலாவது இழுப்பறையில்
உள்ளங்கை அகலத்தில் ஓர் அம்மோனைட்.
அரியலூர்ச் சுண்ணாம்புக் குழியில் எடுத்தது.
எடுத்தவர் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது.

கிருஷ்ணகிரிக் கல்லில் இப்படி எதுவும் கிடைக்காது.
ஜன்னலுக்கு வெளியே நிற்கிற சையத் பாஷா மலை
ஓடு கட்டிக்கொள்ள உயிருக்குத் தெரியுமுன்னே
இறுகி முடிந்துவிட்டது.
வெடி வைத்துப் பிளந்தாலும்
உள்ளேயும் கல்தான்.

பதிவேட்டில் ஒரு கட்டம்: குடும்பம்.
முதலில் எழுதியவர் விலா வரிகளை எண்ணி
ஒன்றில் சேர்த்திருக்கிறார்.
அடுத்து வந்தவர் அதைச் சிவப்பு மையில் அடித்து
தையல்கோட்டைப் பார்த்து இன்னொன்றில்.
கொத்தமல்லி இலையின் ஓரம்போல நெளிகிற கோடு;
பின்னால் ஓர் அறையை அடைத்துவிட்டு
முன்னால் குடிபோன ஒவ்வொரு தடவையும்
சுவர் ஓட்டோடு ஒட்டிய தடம்.

போன வருடத்துக் கட்டுரையோ
அப்படித் தனிக் குடும்பமே இல்லை என்கிறது.
குட்டிப் பருவத்துச் சுருளைப் பார்த்தால்தான் தெரியுமாம்.
குட்டிப் பருவம் நடுவில் இருக்கிறது.
பார்க்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும்.
இருப்பது ஒன்று.

"செத்து ஆறரைக் கோடி வருசமான குடும்பத்த
எதுக்கு மேடம் இன்னும் வீடு மாத்தறாங்க?"
திம்மராயன், இரண்டாம் ஆண்டு, மத்தூர்.

என் அப்பா பிறந்தது சேலம் மாவட்டம்.
நான் தர்மபுரி மாவட்டம்.
மகள் கிருஷ்ணகிரி மாவட்டம்.
மூன்றும் காவேரிப்பட்டணத்தில் ஒரே தெரு, ஒரே கதவு எண்.
யாரும் ஒரு சட்டியைக்கூட நகர்த்தவில்லை.

இதை அவனிடம் சொல்லவில்லை.
தையல்கோட்டை வரை என்றேன்.
வரைந்தான்.
மூன்றாவது மடிப்பை விட்டுவிட்டான்.

நானே கௌரவ விரிவுரையாளர்,
பதினோரு மாதத்துக்கு ஒரு கையெழுத்தில் இருப்பவள்.
ஜூனில் எந்த ஊர்ப் பதிவேட்டிலோ.

பென்சிலில் எழுதப் போனேன்.
"பேனாவுல எழுதுங்க மேடம், ஆடிட் வருது"
என்றார் உதவியாளர் சென்றாயன்.
பேனாவில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

"இதுக்கு என்னா அர்த்தம்?"

"எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை."

கல்லை ஒரு கையில் வைத்துத்
துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"அப்ப, காணோம்னு எழுதிக்கட்டுமா?"