பாகம்

மண்டபம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஐஸ் கம்பெனி மாடியில் என் அறை.
கட்டில் ஒன்று, விளக்கு ஒன்று,
சுவரில் தசைப் படம்:
பட்டா போட்டுப் பிரித்த நிலம் மாதிரி
ஒவ்வொன்றுக்கும் எல்லை, ஒவ்வொன்றுக்கும் பெயர்.
அந்தப் படத்தை நம்பி
மூன்று வருடம் ஊசி போட்டேன்.

போன மாதம் இரண்டு ஞாயிறு
ராமநாதபுரத்தில், உடற்கூறு கூடத்தில்
பிசியோதெரபிக்காரர்கள் பன்னிரண்டு பேர் நின்றோம்.
ஃபார்மலின் கண்ணைக் கரித்தது.
மேசையில் ஓர் ஆண். பெயர், பதினேழு.
முதலில் குத்து, அப்புறம் பிரித்துப் பார்.
பாடம் அவ்வளவுதான்.

தோள்மேட்டில் குத்தினேன்,
வழக்கமான இடம், வழக்கமான ஆழம்.
விலக்கிக்கொண்டே போனார்கள்:
தோல்,
கோழிக் கொழுப்பின் மஞ்சளில் ஒரு மெத்தை,
நனைந்த காகிதம் போல ஓர் உறை,
தசை, அதன் அடியில் இன்னொரு தசை.
எல்லாவற்றையும் தாண்டி என் ஊசிமுனை
சாம்பல் நிறப் பஞ்சு ஒன்றின் மேல்
கையெழுத்துப் போடப் போகிற பேனா மாதிரி நின்றது.

நுரையீரல் காறை எலும்புக்குக் கீழேதான்
அடங்கிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன்.
அது கழுத்தடி வரை ஏறி வந்து
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
யாரோ போய்க் குழாயை மூடினார்கள்.

திரும்பும் பேருந்தில் பெயர்களை எண்ணினேன்.
கரைவலை இழுக்கிற சவேரிமுத்து,
வேதாளை நபீலா,
தபால் ஆபீஸ் நாகசாமி, இரண்டு தோளிலும்.
உச்சிப்புளி வருவதற்குள் நாற்பது தாண்டிவிட்டது.
எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை முத்திருளாயி வந்தாள்.
சின்னப்பாலம். பாசி எடுக்கிறவள்.
கச்சான் காற்றில் நாலு நாளாய்க் கடல் கலங்கல்,
அதனால் தோளுக்கு இன்றைக்கு லீவு.
விரல் நுனிகளில் துணி சுற்றிய தடம்,
நகத்தடியில் மரிக்கொழுந்துப் பாசியின் பச்சை.

"ஊசியில என்ன மருந்து?"
ஒன்றும் இல்லை.
"வெறும் ஊசிக்கா முந்நூறு ரூவா?"

தோள்மேட்டுத் தசையை மட்டும்
உடம்பிலிருந்து இழுத்துத் தூக்கிப் பிடித்தேன்.
இனிமேல் ஊசி என் கட்டைவிரலிலிருந்து
என் ஆள்காட்டி விரலைப் பார்த்துத்தான் போகும்.
என்னைக் குத்தினாலும் குத்தட்டும், கீழே போகக் கூடாது.
தசை வெட்டியது.
மீன் துள்ளியது போல என்று எழுத மாட்டேன்,
தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல.

அவள் மூச்சு விடவில்லை.
பத்து எண்ணினேன். இருபது. நாற்பது.
விடு, விடு என்றேன்.
"வலிச்சா உள்ள போயிருவேன், பழக்கம்" என்றாள்.
அப்போதுதான் தெரிந்தது, நானும் விடவில்லை.

"இங்க போடு" என்று
தோள்பட்டை எலும்பின் உள் மூலையைத் தொட்டுக் காட்டினாள்.
அங்கே வேண்டாம்.
"காசு போதலையா?"
அந்த இடத்தில் ஆழம் குறைவு என்றேன்.
"எத்தன பாகம்?"

பாகம் என்றால் எனக்கு உறுப்பு.
அவளுக்குக் கயிறு, இரண்டு கை விரித்த நீளம்,
காது அடைக்கும் இடம்.

பாகம் எல்லாம் இல்லை, ஒரு விரற்கடை, அதற்கும் கீழே
உன் மூச்சு இருக்கிறது.

கொஞ்ச நேரம் மேற்கூரையைப் பார்த்தாள்.
"அப்ப கையாலயே அமுக்கு."

அமுக்கினேன். கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்.
எங்கே கற்றேன் என்று கேட்டாள், சொன்னேன்.
இருநூறை மடித்துத் தலையணையடியில் வைத்துவிட்டு
படியில் நின்று திரும்பினாள்.
"அந்த ஆளு யாரு?"
தெரியாது.
"கையப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே,
கடல் கையா, காட்டுக் கையான்னு."

முதல் ஞாயிறு தோள். இரண்டாம் ஞாயிறு இடுப்பு.
கைகள் பாடத்தில் இல்லை.
ஈரத்துணிக்குள் இருந்தன.