எஃப் மூன்று

சுபஹு தொழுத கையோடு
முதல் தட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
மூன்று தரம் கீச்சிட்டுவிட்டு
பச்சை எழுத்தில் நின்றது: எஃப் மூன்று.

நிந்தவூர்க் கல்யாணம், மூன்றடுக்குக் கேக்.
நாளை அஸருக்குள் போய்ச் சேர வேண்டும்.
பன்னிரண்டு முட்டை ஏற்கெனவே உடைத்தாயிற்று.

கல்முனையிலிருந்து ஜௌஸி பாஸ் வந்தார்.
திரையைப் பார்த்தார்.
திரையை மட்டும்தான் பார்த்தார்.
"போட் போயித்து. கொழும்பில ஓடர் போடோணும்.
நாப்பத்தெட்டு வரும். ஒண்டரை மாசம்."
தேத்தண்ணி குடித்தார்,
வந்த காசு ஆயிரத்தைந்நூறு வாங்கினார்,
ஒரு திருகாணியைத் தொடாமல் போனார்.

அறைக்குள்ளிருந்து மாமி:
"அவன் இன்னம் சூடாகல்லியா?"
அடுப்பையும் அவன் என்பார், மகனையும் அவன் என்பார்.
ஒன்று தம்மாமிலிருந்து வந்துவிட்டது,
மற்றது இன்னும் அங்கே.
எதைக் கேட்கிறார் என்பது
சில நாள் எனக்கே பிடிபடாது.

அந்த நாட்டு மின்சாரம்
நொடிக்கு அறுபது தரம் துடிக்குமாம்.
நம்முடையது ஐம்பது.
ஆகையால் இதன் மணிக்கூடு
மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும்,
சாய்ந்தமருதுக்கு வந்த நாள் தொட்டு.
அதற்கு ஒருநாளும் எழுத்துக் காட்டியதில்லை.
ஒரு மணி நேரக் கேக்குக்கு
ஐம்பது என்று அமுக்க
நானே பழகிக்கொண்டேன்.

வெயில் ஏறியது.
தட்டில் கிடந்த மா அமிழ்ந்து போனது;
தோசைக்கல்லில் வார்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.
மறுகா, ட்ரிப் சுவிட்சை விழுத்திவிட்டு
அடுப்பைச் சுவரிலிருந்து இழுத்தேன்.

பின்தகட்டில் ஓர் உறை, அதற்குள் மடித்த தாள்.
ஒரு பக்கம் அரபு:
எழுத்தெல்லாம் கூட்டி வாசித்தேன், தஜ்வீத் பிசகாமல்.
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
மறுபக்கம் ஆங்கிலம்:
எஃப் ஒன்று என்றால் போட்.
எஃப் ஒன்பது கதவுப் பூட்டு.
எஃப் மூன்று, வெப்பமானியின் சுற்று
எங்கோ திறந்து கிடக்கிறது.

உயர்தரத்தில் பௌதிகவியலுக்கு எனக்கு எஸ்.
அந்த எஸ்ஸை எடுத்துக்கொண்டு,
சோலர் பூட்டும் பக்கத்து வீட்டு நுஸ்கியிடம்
மல்டிமீற்றர் இரவல் வாங்கினேன்.

வெப்பமானியின் இரண்டு கம்பியிலும் முனை வைத்தேன்.
ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு ஓம்.
தாளிலிருந்த அட்டவணையில் விரலை ஓட்டினால்
முப்பத்தொரு பாகை.
சமையலறை அவ்வளவுதான் சூடு.
அது சரியாகத்தான் சொல்கிறது.

வயரைத் திரும்பப் பூட்டி
போட்டுக்குப் போகும் முனையில் அளந்தேன்.
இடது ஓரத்தில் ஒற்றை ஒன்று.
அந்த மீற்றரில் அதற்கு அர்த்தம் முடிவிலி:
சொல்லப்பட்டது, வந்து சேரவில்லை.

இடையில் ஒரு வெள்ளைப் பிளக்.
பிரித்தேன். உள்ளே பித்தளை ஊசியில்
பச்சையாய்ப் பூத்திருந்தது கடல்.
இரண்டு வளவு தாண்டினால் கரை.
ஜன்னல் கம்பியைத் தின்னும் உப்பு,
மாமியின் தையல் மெசினைத் தின்ற உப்பு,
இங்கேயும் வந்து குந்தியிருக்கிறது.

போட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.
எவ்வளவு சூடென்று சொல்ல ஆளில்லாதபோது
எரியாமல் நின்றது.
அவ்வளவு புத்தி
நான் பார்த்த பலருக்கு இல்லை.

வினாகிரி, பழைய பல்துலக்கி,
மகளின் தலைமயிர் உலர்த்தி.
ஊசி மஞ்சளாகும்வரை தேய்த்தேன்.
அழுத்திப் பூட்டியபோது ஒரு சின்னச் சொடுக்கு;
முன்பு அது கேட்டதா என்று நினைவில்லை.

சுவிட்சை ஏற்றினேன்.
பன்னிரண்டு மணி என்று மினுங்கியது.
பள்ளியில் லுஹருக்குச் சொல்லி வெகுநேரம்.
நூற்றெழுபது அமுக்கினேன்.
மேல்கம்பி மெல்லச் சிவந்தது.

"அவன் சரியா?"
"சரி மாமி. மணிக்கூடு மட்டும் பழையபடி."
"அது அங்கேயும் அப்பிடித்தான்" என்றார்,
எதைப் பற்றியோ.

ஜௌஸி பாஸுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்:
போட் நல்லாரிக்கி. பிளக்கில உப்பு.
உடனே பதில் வந்தது:
எந்த பாஸ் வந்த?

இரண்டு கையிலும் மா.
கைபேசி மேசையில் கிடந்து அணைந்தது.