ஒயர் அவ்வளவுதான்

எம்லின் போகும்போது
பெட்ரோல் இயந்திரத்தை எடுத்துப் போனான்.
நாய் வேண்டாமாம், அது போதுமாம்.

பதினேழு கோடை
இந்தப் புல்லில் அவன் பட்டை இழுத்தான்.
ஒன்று வெளிறி, ஒன்று கறுத்து,
இஸ்திரி போட்ட சட்டை மாதிரி.
துணி உலர்த்தக் குறுக்கே நடந்தால்
சமையலறைச் சன்னலில் அவன் முகம் தெரியும்.

கடைப் பையன் பெட்டியை
ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான்.
சக்கரமே இல்லை, மிதக்கும் என்றான்.
ரோண்டாவில் எங்கள் தெருச் சரிவில்
சக்கரம் இல்லாததே உருளும்.
ஆப்பிள், பக்கெட்,
ஒரு கிறிஸ்துமஸுக்கு எம்லினின் சித்தப்பா.
சரி, கொடு என்றேன்.

சனிக்கிழமை. ஈரம் காயப் பதினொரு மணி ஆயிற்று.
ஆரஞ்சு ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு
பிடியை அழுத்தினேன்.
ஒரு முனகல்.
அப்புறம் அது
தரையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது.

நான் தள்ளவில்லை. இடுப்பைத் திருப்பினேன்,
போனது.
இடம், வலம், பின்னால், மறுபடி இடம்,
மேசையில் சிந்திய பாலைத் துடைக்கிற கை மாதிரி.
அரிந்த புல் கணுக்காலெல்லாம் ஒட்டியது.
ஒரு கோடு விழவில்லை.
எங்கே தொடங்கினேன் என்பது
எனக்கே தெரியவில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் புரோபர்ட்
தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்.
சரிவுக்குக் கயிறு கட்டி இறக்கு,
என் அண்ணன் அப்படித்தான் செய்வான் என்றார்.
அண்ணனுக்கு எத்தனை விரல் என்றேன்.
யோசித்தார்.
எட்டரை.

குறுக்காகவே வெட்டிக்கொண்டு இறங்கினேன்.
பேரி மரத்துக்கு மூன்றடி முன்னால்
உள்ளே எங்கோ பிளக் கழன்றது.
மாவு மூட்டையை இறக்கி வைத்தாற்போல
இயந்திரம் உட்கார்ந்துவிட்டது.
அதன் பிறகுதான் மற்ற சத்தங்கள்:
கீழே ரயில்,
எதிரே பழைய நிலக்கரி மேட்டில் ஆடுகள்.
அந்த மேட்டையும் புல் மூடிவிட்டது.
அதை யாரும் வெட்டுவதில்லை.

என்னுடையது இருபது மீட்டர், தரட்டுமா என்று
வேலிமேல் ஒரு ஒயர்ச் சுருள் எழுந்தது.
வேண்டாம் என்றேன்.
ஏன் சொன்னேன் என்று
ஒயரைச் சுற்றும்போது யோசித்தேன்.
முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே
அது எட்டு எட்டாய் விழுந்தது.

ஜூலையில் மரத்தடிப் புல் முழங்கால் தொட்டது.
மஞ்சளாய் ஏதோ பூத்தது, பெயர் தேடவில்லை.
பகலெல்லாம் நாய் அதற்குள் கிடக்கும்.
வால் மட்டும் வெளியே.

கோல்ஃப் பையை எடுக்க வந்த எம்லின்
பின்வாசலில் நின்று பார்த்தான்.
பார்த்துக்கொண்டே இருந்தான்.
என்ன, மூலையை விட்டுவிட்டாய்?
ஒயர் அவ்வளவுதான் என்றேன்.

வேலிக்கு அந்தப்பக்கம்
யாரோ இருமினார்கள்.