மூன்றரை அங்குலம்

பாளையங்கோட்டையில் பகலெல்லாம்
அடுத்தவர் வாய்க்குள் பாலம் கட்டுகிறவன் நான்.
கடைவாய், முன்பல், ஈறு நிறத்தில் அக்ரிலிக்.
இரவு ஒன்பதுக்கு மேல்
அச்செடுத்து மிஞ்சிய பிளாஸ்டரில்
நியூ மெக்சிகோ.

மேஜை செய்த ஆசாரிக்கு உடனே புரிந்தது:
அடிக்கு இரண்டு நூல்.
அவ்வளவுதான் ஓ ஸ்கேல்.
நாற்பத்தெட்டில் ஒன்று.
விரதமென்றால் ஒரு மண்டலத்தில் முடிந்திருக்கும்,
எனக்கு மூன்று வருஷமாக முடியவில்லை.
ஒரு மைலுக்கு நூற்றுப்பத்தடி கேட்கிறது கணக்கு.
மாடி பதினெட்டடி.
சிவப்பும் வெள்ளியுமாகக் கிளம்பும் சான்டா ஃபே டீசல்
தண்ணீர்த் தொட்டி தாண்டி
வேகம் பிடிக்குமுன்பே
கிளம்பிய ஊருக்கு வந்துவிடுகிறது.

பாலைவனத்துக்கு மண் வேண்டுமே.
சாத்தான்குளம் தாண்டி பைக்கை நிறுத்தித்
தேரியில் இரண்டு சாக்கு அள்ளினேன்.
பதநீர்க் குடத்தோடு வந்தவர் கேட்டார்,
"வீடு கெட்டவா?"
"இல்ல, அமெரிக்காவுக்கு."
"அங்கயும் மண்ணு இல்லியோ" என்று போய்விட்டார்.

டீ வடிகட்டியில் சலித்து
பசைநீர் தெளித்து ஒட்டிய மூன்றாம் நாள்
எஞ்சின் திக்கியது.
கழற்றினால்,
மோட்டார் காந்தத்தைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு மீசை.
தேரிச் சிவப்புக்குள் இரும்பு.
தாளுக்கடியில் காந்தம் ஓட்டி விளையாடிய பையன்தானே,
எப்படி மறந்தேன்?
பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி
ராத்திரி முழுக்கப் பாலைவனத்தை நீவினேன்.
தேறியது அரை விபூதி டப்பா.
அதையே நிலக்கரியென்று வேகன்களில் கொட்டினேன்.
எடையும் சரியாக வந்தது.

சொரிமுத்து வந்தது
மேல்வரிசைப் பல்செட் கடிக்கிறதென்று.
சேரன்மகாதேவி செக்ஷனில் இருபத்தாறு வருஷம் கீமேன்.
ராவித் தருகிறேன், மாடியில் உட்காருங்கள் என்றேன்.
வேலை முடிந்து மேலே போனால்
மனிதர் குப்புறக் குனிந்து
ஒரு கண்ணை மூடி
தண்டவாளத்தின் தலைமேல் பார்வையை
ஓட்டிக்கொண்டிருந்தார்.
பொக்கை வாயால் சொன்னார்:
"லைனு சுத்தம். கேஜுதான் இடிக்கி."

ஒன்றேகால் அங்குலம்.
நாற்பத்தெட்டால் பெருக்கினால் ஐந்தடி.
அமெரிக்காவில் நாலடி எட்டரை.
எனக்குத் தெரியும். இந்தக் கிறுக்கில் இருக்கும்
எல்லோருக்கும் தெரியும்.
எவரோ எப்போதோ விட்ட மூன்றரை அங்குலம்,
அப்படியே ஆணியடித்தாகிவிட்டது.
ஆனாலும் முகம் சூடாகிவிட்டது எனக்கு,
மாற்றுப் பல்லைத் தவறான வாய்க்கு அனுப்பியவன் மாதிரி.

செட்டை மாட்டி
இரண்டு தரம் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நம்ம லைன் அஞ்சரை அடில்லா.
அப்பம் இது அங்கத்ததும் இல்ல, இங்கத்ததும் இல்ல.
பொறப்பட்டு வாற வழியில எங்கயோ நிக்கி."
மீட்டர் கேஜைப் பிடுங்கிப் போட்ட ராத்திரிகளில்
பாரைக்கம்பி பிடித்தவர்.
"வண்டி ஓடுதுல்லா? பொறவென்ன."

கண்ட்ரோலரைக் கொடுத்தேன்.
மெதுவாக, மிக மெதுவாக ஒரு சுற்று விட்டார்.
தொப்பிக்காரப் பயணிகளைப் பார்த்தார்,
நாயைப் பார்த்தார்,
ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார்.
"கேங்கு ஆளு ஒருத்தனையும் காணுமே.
இம்புட்டுக்கும் போல்ட்டு முடுக்குறது யாரு?"

பதில் இல்லை என்னிடம்.
மூன்று வருஷத்தில் தோன்றவில்லை.

அன்றிரவே ஈறு அக்ரிலிக்கில் ஒருவரை வார்த்தேன்.
உயரம் ஒன்றேகால் அங்குலம், மேலே ஒரு நூல்.
தோளில் நீளச் சம்மட்டி.
கையில் சிவப்புக் கொடி, நகப்பாலிஷ்.
ஊர் நியூ மெக்சிகோ, வருஷம் ஐம்பத்திரண்டு;
டெனிமும் தொப்பியும்தான் முறை.
தொப்பி வைத்தேன்.
இடுப்பில் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன்.
யார் வந்து கேட்கப்போகிறார்கள்,
அளவிலேயே மூன்றரை அங்குலம் பொய்.

வளைவில் அவரை ஒட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.
பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.

டார்ச் அடித்துப் பார்த்தேன்:
அவருக்கு ஓரடி முன்னால்,
அவர் கணக்கில் நாற்பத்தெட்டடி,
நிலக்கரியோடு நின்றிருந்தது வண்டி.

கொடி தூக்கியபடியே இருந்தது.
கரண்ட் வந்த பிறகும்
கொஞ்ச நேரம்
நான் ஸ்விட்சைத் தொடவில்லை.