மொழிபெயர்ப்பாளர் கையொப்பம்

பதினான்காம் கேள்வியைப் பேனா நுனியால்
தொட்டுக் காட்டுகிறாள் அந்தப் பெண்:
முதன்முதலாக மது அருந்தியபோது வயது என்ன?
ஆங்கிலத்தில் அது ஒரு முழு வரி.
நான் ஸ்பானிஷில் சொல்லும்போது பாதியாகிறது.
"எத்தனை வயசுல ஆரம்பிச்சே, டேயோ?"

அண்ணன் தொப்பியை முழங்காலில்
கவிழ்த்து வைத்திருக்கிறான்.
நாற்பத்தொன்பது வயது.
கண்ணின் வெள்ளை, காய்ந்த சோளத்தோல் நிறம்.
இங்கே செல்மாவுக்கு வந்து இருபது வருஷம்
திராட்சையை வெயிலில் உலர வைத்தான்,
தான் மட்டும் ஒருநாளும் உலராமல்.
நடுங்குவது தெரியாதபடி
ஒரு கைமேல் இன்னொரு கை.

"பதினேழு" என்கிறான்.

பதினேழு நல்ல எண்.
யார் மேலும் பழி விழாத எண்.
அந்த வயதில் யார்தான் குடிக்கவில்லை?

ஆனால் டேயோ,
சமோராவுக்கு வெளியே, கூரை போடாத வீட்டின் முற்றத்தில்
குட்டி அராசெலியின் ஞானஸ்நான விருந்து.
அப்பா சிமெண்ட் தள்ளுகிற கைவண்டியில்
ஐஸ் கொட்டி, ஐஸுக்குள் பியர் பாட்டில்கள்.
சக்கரம் ஒன்று காற்றில்லாமல் சாய்ந்திருந்தது.
உனக்கு ஒன்பது.

இசிதோரோ மாமா தன் பாட்டிலை நீட்டினார்.
"ஆம்பளையா இல்லையான்னு பாத்துடலாம்."
நீ முகத்தைச் சுளித்தாய்.
முற்றமே சிரித்தது.
அக்கார்டியன் வாசித்தவர் சுரம் தவறிச்
சிரித்துவிட்டு மறுபடி பிடித்தார்.
வேலைநாள் எதிலும் நம்மிடம் ஒரு சொல் பேசாத அப்பா
எழுந்து வந்து
உன் தோளில் கை வைத்தார்.

கசப்பு உனக்கு நினைவிருக்காது.
அந்தக் கை இருக்கும்.
இரண்டாம் மிடறு அதற்காகத்தான்,
மூன்றாவதும்.
அப்பா செத்த பிறகும் நீ
தோளை அவர் பக்கம் திருப்பியே
குடித்துக்கொண்டிருந்தாய்.

அந்தப் பெண் காத்திருக்கிறாள்.
சொன்னதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே:
மொழிபெயர்ப்பவளுக்கு அவ்வளவுதான் விதி.
"பதினேழு" என்கிறேன்.
அவள் எழுதுகிறாள். ஒன்று, ஏழு.

கைவண்டிக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே
இருபது தப்படி.
"டொமி, இன்னும் ரெண்டு கொண்டு வா"
என்றபோதெல்லாம் ஓடியவள் நான்.
தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று
பாட்டில் வாயில் பொங்கிய நுரையை
நக்கிவிட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எனக்கு ஏழு.
யாரும் சிரிக்கவில்லை.
யாரும் தோளைத் தொடவில்லை.
பெண் குடிப்பதை யாரும் பார்க்காத வீட்டில்
அவள் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

நான் வேலைசெய்யும் பள்ளிச் சமையலறையில்
என் காபி பிளாஸ்க்கை யாரும் தொடமாட்டார்கள்.
ரொம்பச் சூடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
உள்ளே வரும்போது இவளுக்கும் ஒரு
புதினா மிட்டாய் கொடுத்தேன்.
வாசனை நன்றாயிருக்கிறது என்றாள்.

பதினைந்தாம் கேள்விக்கு அவள் பக்கம் புரட்டும்போது
டேயோ தொப்பியை எடுத்து
நிமிர்த்து வைக்கிறான்.
"நைன்" என்கிறான்.
ஆங்கிலத்தில்.
எனக்காகக் காத்திருக்காமல்,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் பதினேழை அடித்து
ஒன்பது என்று திருத்துகிறாள்.
"நன்றி" என்கிறாள் அவனிடம்,
முதல் தடவையாக நேராக.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு.
மொழிபெயர்ப்பாளர் கையொப்பம்.
அந்தத் தாள்கட்டு முழுவதிலும்
எனக்கென்று இருக்கும் ஒரே இடம்.
பெயரும் தேதியும் கேட்கிறது, வயது கேட்கவில்லை.

பேனா பிடித்த கை
அவன் கையைவிட அதிகம் ஆடுகிறது.
வெளியே ஆகஸ்ட் வெயிலில்
தார் இளகிக்கொண்டிருக்கிறது.
"ஏசி குளிர்" என்கிறேன்
அவளிடம் ஆங்கிலத்தில்,
அவனிடம் ஸ்பானிஷில்.