உரிமத்தில் உட்கார்ந்த ஈ

என் ஓட்டுநர் உரிமத்தில்
ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது.
எழுத்துதான், பூச்சியில்லை; ஊதினால் பறக்காது.
பொருள்: இவளுக்குக் கியர் போடத் தெரியாது,
தானாய் மாறும் வண்டியை மட்டும் ஓட்டலாம்.

ட்ரம்மண்ட் டீசல் பங்கில்
காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்கள்:
"லோர்னா ஓட்டுவது லாரியில்லை, லிஃப்ட்.
பட்டனை அமுக்கு, மாடி வரும்."
ஹார்லன் ட்வெட் தன் பதின்மூன்று கியரையும்
பெற்ற பிள்ளைகளைப் போலப் பெயர் சொல்லி அழைப்பான்.

நான் சொல்வேன்:
மிசூலா நெரிசலில் நாற்பது நிமிடம்
உன் இடது முட்டி மண்டியிட்டு மண்டியிட்டு எழும்போது
என் இடது கால்
பூட்ஸைக் கழற்றிவிட்டு நீட்டிப் படுத்திருக்கும்.
லுக்அவுட் கணவாய் இறக்கத்தில் மட்டும்
என் வண்டி மேல் கியருக்குத் தாவப் பார்க்கும்.
தட்டி இறக்கி, எஞ்சின் பிரேக்கைப் போட்டு
மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பேன்.
அதற்கும் கை வேண்டும், ஹார்லன்.
காதும் வேண்டும்.

ஆகஸ்ட் பத்தொன்பது, இரவு ஒன்றரை.
கார்னெட் மலைக்குப் பின்னால் விடிந்துவிட்டதோ என்றிருந்தது.
என் வண்டியைப் பள்ளி மைதானத்தில் விட்டுவிட்டு
டெப்ராவின் பிக்கப்பில் யார்டுக்குத் திரும்பினேன்.
மிச்சம் இரண்டு.

ஏழாம் எண், புதியது, இரண்டே மிதி.
சாவியைத் திருப்பினேன்.
திரையில் ஒரு குறடு, கீழே ஒரு பிழை எண்.
அணைத்து, முப்பது வரை எண்ணி, திருப்பினேன்.
அதே குறடு.
நல்ல எஞ்சின், தொட்டி நிறைய டீசல்;
நகர வேண்டாமென்று
நகத்தளவு சில்லு ஒன்று முடிவெடுத்திருந்தது.

மற்றது ஹார்லனுடையது. மூன்று மிதி.
முதுகில் நாற்பத்திரண்டு வைக்கோல் உருளை,
தீப்பெட்டியைச் சுமந்து நிற்பதுபோல.
ஹார்லன் பில்லிங்ஸில், காலில் மாவுக்கட்டு.

கிளட்சை மிதித்தேன். கிணறு மாதிரி உள்ளே போனது.
விட்டேன். துள்ளிச் செத்தது.
மறுபடி. துள்ளிச் செத்தது.
மூன்றாம் முறை
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோலப் பாதத்தை உருவினேன்.

நகர்ந்தது.

எந்தக் கியர் என்று தெரியாது.
மாற்றவில்லை.
மாற்றப் போனால் நிற்கும், நின்றால் எரியும்.
ஏழு மைல். ஒரே கியர். எஞ்சினின் ஒப்பாரி.
மணிக்கு எட்டு மைலுக்கு மேல் முள் ஏறவில்லை.
ஒரு மான் குட்டியோடு என்னை முந்திப் போனது,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தடுப்பில் ஷெரீஃபின் ஆள், மீசை முளைக்காதவன்,
உரிமம் கேட்டான். பழக்கதோஷம்.
நிறுத்தத் தெரியாது என்று கத்தி அட்டையை நீட்டினேன்.
பக்கத்திலேயே ஓடி வந்தான், டார்ச் குலுங்க.
ஈயைப் பார்த்தான்.
கண்ணாடியில் எனக்குப் பின்னாலிருந்த சிவப்பைப் பார்த்தான்.
கட்டைவிரலால் ஈயை மூடிக்கொண்டே
அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

ஏழாம் எண் எரிந்துபோனது.
விளிம்பில் அலுமினியம் உருகி
மெழுகு போல் வழிந்து கிடந்ததாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது பங்கில் ஹார்லன்தான் பேசுகிறான்,
கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்து:
"கடைசியில் எது வந்து சேர்ந்தது, பார்த்தாயா?"

வந்தது, ஹார்லன்.
ஓட்டத் தெரியாதவள் ஓட்டி வந்தது.
உன் பதின்மூன்றில் பன்னிரண்டு
தேவைப்படவே இல்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
என் காப்பிக்கு அவன் காசு கொடுத்தான்.

திங்கட்கிழமை, என் வண்டி, முதல் சிக்னல்.
சிவப்பு விழுந்ததும்
இடது கால் தானாக எழுந்து
ரப்பர் விரிப்பை ஓங்கி மிதித்தது.
அங்கே ஒன்றுமில்லை.
யாரும் பார்க்கவில்லை,
ஈயைத் தவிர.