காவலாளி பார்த்தானா

ஓல்ட்டன் ஸ்டேஷனுக்குப் பின்னால்
சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை.
ஞாயிறு, ஏழரை மணி.
மேசையில் வரைபடம், அழிறப்பர்த் தூள்,
இருபது முகப் பகடை,
நான் கொண்டுபோன மீன் ரோல்ஸ்.

கோட்டை வாசலில் காவலாளி ஒருவன்.
அவனை மயக்கினால்தான் உள்ளே போகலாம்.
"மந்திரம் போடுறன்" என்றேன்.
கதை நடத்துகிற உர்ஸ் பேனாவை மூடினான்:
"அவன் பார்க்கிறான்."

என்னத்தைப் பார்க்கிறான்?
வாய்க்குள்ளேதான் முணுமுணுத்தேன்.
விரலை அங்கிக் கைக்குள் மடக்கியிருந்தேன்.
நெருப்பா கொட்டினது?
விதிப் புத்தகத்தைப் புரட்டினோம்.
சொல் வேண்டும், சைகை வேண்டும் என்கிறது;
எவ்வளவு சத்தமாய் என்று இல்லை.

கொரின் சொன்னாள்: காற்று நடுங்கும்,
பக்கத்தில் நிற்பவனுக்குப் பல் கூசும்.
அப்படியென்றால் ஒரு மந்திரக்காரியும்
சந்தைக்குப் போய் வர ஏலாது என்றான் மதுஷன்.
முக்கால் மணி நேரம்.
காவலாளி ஈட்டியோடு நின்றது நின்றபடி.
அவனுக்குப் பெயர்கூட இல்லை.

உர்ஸ் பகலில் ரயிலில் டிக்கெட் பார்ப்பவன்.
மெதுவாய்ச் சொன்னான்:
"அடிக்க வந்தால் தெரியும், தடுக்கலாம்.
தெரியாமல் மனசுக்குள் கைவிட்டு
'நான் உன் சிநேகிதி' என்று வைத்துவிட்டு வந்தால்
அவன் எதைத் தடுப்பான்?"

"இவளும்தான் கிழமைக்குக் கிழமை எங்களை மயக்குறாள்."
மதுஷன் தட்டைக் காட்டினான்.
"இல்லை," உதட்டில் எண்ணெயோடு கொரின்,
"அது படியேறும்போதே மணக்குது.
வேண்டாமென்றால் கதவைப் பூட்டியிருப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்குப் பாதியில் நின்றுவிட்டது.
வியாழக்கிழமை, முதியோர் இல்லத்தில்,
திருமதி ஹூர்லிமான் மாத்திரைக்கு வாய் திறக்கவில்லை.
பொடித்து ஆப்ரிகாட் ஜாமில் கலந்தேன்.
நல்ல ருசி என்று சாப்பிட்டா.
என் கன்னத்தைத் தட்டினா.
அந்தக் கரண்டியில்
ஒரு பொறிகூட எழும்பவில்லை.

இதை மேசையில் நான் சொல்லவில்லை.

அங்கிக் கையை முழங்கை வரை சுருட்டினேன்,
இல்லாத அங்கி, என் கம்பளிச் சட்டைதான்.
"சத்தமாய்ச் சொல்றன். அவன் பார்க்கட்டும்."
மதுஷன் தலையில் கை வைத்தான்.
"மக்கு! நாலு மாதம் இந்த வாசலுக்காக நடந்தோம்!"

உர்ஸ் காவலாளிக்காகப் பகடையை உருட்டினான்.
அது ஆற்றைத் தாண்டி, காட்டைத் தாண்டி
ரோல்ஸ் தட்டில் முட்டி நின்றது.

பதினேழு.
அவன் எக்காளத்தை எடுத்தான்.